ஊவாவில் இறுவட்டின் எதிர்காலம்

பதுளையில் ஒரு நிலையம் இருக்கிறது. ஊவா மாகாணப் பதிவு இறுவட்டுச் சந்தை எதிர்நோக்கு நிலையம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசிச் சொல் பக்கத்துப் பல் வைத்தியரின் சுவரில் இருக்கிறது. பல் வலி என்று சிலர் தவறி உள்ளே வருவதுண்டு. வருகையாளர் எண்ணிக்கையில் அவர்களும் அடக்கம்.

நிலையத்தின் வேலை ஒன்றுதான். வெற்று டிவிடி இறுவட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மைனஸ் குறி இருக்கும். மற்றதில் பிளஸ் குறி இருக்கும். மற்றப்படி இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு காலத்தில் உலகத்துக் கம்பனிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இவற்றைச் செய்தன. எது சந்தையில் நிலைக்கும் என்று மாகாணத்துக்கு முன்கூட்டியே சொல்வதற்காக நிலையம் தொடங்கப்பட்டது. பிறகு இரண்டையும் வாசிக்கும் கருவிகள் வந்தன. பிறகு இரண்டையும் யாரும் வாங்காத காலம் வந்தது. நிலையம் ஆராய்ந்துகொண்டிருந்தது.

மேல்மாடியில் மைனஸ் பிரிவு. கீழே பிளஸ் பிரிவு. இரண்டு பிரிவுக்கும் தனித்தனித் தேநீர்க் கேத்தல். மைனஸ் வீட்டுக் கல்யாணத்துக்கு பிளஸ்காரர்கள் போவார்கள். சாப்பிட மாட்டார்கள்.

பணிப்பாளர் துவாரகன் நடுநிலையானவர். அதனால் மாடிப்படியின் திருப்பத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆண்டு அமைச்சு ஒரு கேள்வி கேட்டது. இறுவட்டை இன்னும் எவராவது வாங்குகிறாரா? இல்லையென்றால் நிலையத்தை மூடலாமா?

பணிப்பாளர் பிரிவுப் பொறுப்பாளர்களை அழைத்தார். மைனஸ் பிரிவின் முன்ஸிப் என்பவர் சில படி மேலே நின்றார். பிளஸ் பிரிவின் நிரோஜா சில படி கீழே நின்றார்.

"இது நமக்குரிய கேள்வி அல்ல," என்றார் பணிப்பாளர். "வாங்குகிறாரா என்பது நிகழ்காலம். நாம் எதிர்காலம். இருந்தாலும் தேடிப் பாருங்கள்."

தேடினார்கள். மொனராகலையில் விற்பனை இல்லை. வெலிமடையில் இல்லை. பண்டாரவளையில் ஒருவர் ஒன்று வைத்திருந்தார். அதன்மேல் தேநீர்க் கோப்பை இருந்தது. பெரகல சந்தியில் ஒரு கடை. அங்கே மட்டும் விற்பனை மாதாமாதம் ஏறியிருந்தது.

பணிப்பாளர் அந்த ஏற்றத்தைக் கோடாக வரையச் சொன்னார். பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு பொறுப்பாளர்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

கடை தங்கராஜாவுடையது. செருப்பு, குடை, தண்ணீர்க் குழாய், போன் ரீலோட். பதுளையில் அவருடைய மச்சானின் வீடியோக் கடை மூடியபோது மிஞ்சிய வெற்று இறுவட்டுகளைப் பெட்டி பெட்டியாக இங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்.

"வாங்க சேர். ரீலோடா?"

"இறுவட்டு," என்றார் பணிப்பாளர்.

"என்ன வட்டு?"

முன்ஸிப் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"ஓ, சீடியா. இருக்குங்க. எத்தனை வேணும்?"

பணிப்பாளர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அவர் அதுவரை ஒரு சந்தையை நேரில் கண்டதில்லை.

"யார் வாங்குகிறார்கள்?"

"தோட்டத்து ஆளுங்கதான். மொதல்ல இராக்கம்மா அக்கா வாங்குனாங்க. இப்ப லயத்துல எல்லாரும் வாங்குறாங்க."

"மைனஸா?" என்றார் முன்ஸிப்.

"பிளஸா?" என்றார் நிரோஜா.

தங்கராஜா யோசித்தார். "மினுமினுன்னு இருக்கறதுங்க."

நுகர்வோர் ஒளிர்வை முதன்மைப்படுத்துகின்றனர் என்று பணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கும் சரிவில் அந்தத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தின் பின்னால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு துண்டு நிலம் உண்டு. மரக்கறி போட்டுக்கொள்ளலாம். பயிர் இல்லாமல் கிடக்கும் துண்டுகளைத் திரும்ப எடுத்துத் தேயிலை வைக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. போன போகத்தில் இராக்கம்மாவின் தக்காளியைக் கொண்டைக்குருவிகள் தின்று தீர்த்துவிட்டன. அந்த முறை கணக்கப்பிள்ளை பார்க்காததுபோல் போய்விட்டார். இந்த முறை தோட்டத்தை நடத்தும் துரையே நேரில் வருவார் என்று சொல்லியிருந்தார். செடியில் பழம் இருந்தால் துண்டு அவளுக்கு. இல்லாவிட்டால் தோட்டத்துக்கு.

அதனால் இராக்கம்மா கம்புக்குக் கம்பு கயிறு கட்டி இறுவட்டுகளைத் தொங்கவிட்டிருந்தாள். காற்றில் அவை சுழன்றன. வெயில் பட்டுத் தெறித்தது. குருவிகள் கிட்டே வரவில்லை. தக்காளி பழுக்கத் தொடங்கியிருந்தது.

ஜீப்பிலிருந்து இறங்கிய மூவரும் வேலியோரம் நின்றார்கள். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"திறந்தவெளி ஆவணக் காப்பகம்," என்றார் மெதுவாக.

இராக்கம்மா கொழுந்துக் கூடையோடு வந்து நின்றாள். யாரோ தோட்டத்து ஆபீஸ் ஆட்கள் என்று நினைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா, இவற்றில் என்ன பதிந்து வைத்திருக்கிறீர்கள்?"

"ஒண்ணும் பதியலைங்க. சும்மா கட்டித் தொங்க விட்டிருக்கேன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தக்காளி பறிக்கிற வரைக்குந்தாங்க."

"குறுங்கால ஆவணம்," என்று பணிப்பாளர் நிரோஜாவிடம் சொன்னார். "யாருக்காகக் கட்டினீர்கள்?"

"குருவி வருதுங்க."

"வந்து?"

"சீடியப் பாக்கும்."

"பார்த்துவிட்டு?"

"போயிரும்."

பணிப்பாளர் தலையசைத்தார். "பார்வையாளர்கள் உண்டு. ஆர்வம் நீடிப்பதில்லை. இது நாடு முழுக்க உள்ள பிரச்சினை."

அப்போது முன்ஸிப் சத்தம் போட்டார். ஒரே கயிற்றில் இரண்டு மைனஸுக்கு நடுவே ஒரு பிளஸ் தொங்கியது.

"இதை யார் கட்டினது?"

"நான்தாங்க."

"பக்கத்துப் பக்கத்துல? ஒரே கயித்துல?"

"நல்லாத்தானே கட்டியிருக்காங்க," என்றார் நிரோஜா. "எங்கட தட்டுதான் மேல நிக்குது. பாருங்க சேர்."

"காத்துக்கு மேல போயிருக்கு. கனம் இல்ல. அதுதான்."

"கனம் இல்லையா? உங்கட தட்டு திரும்பிக்கொண்டு நிக்குது. மூஞ்சியக் காட்ட வெக்கம்."

இராக்கம்மாவின் புருஷன் முருகையா லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெரகலயில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவன்.

"என்னடி, சீடிக்குமா சாதி பாக்குறாங்க?" என்றான்.

"சத்தம் போடாதீங்க. ஆபீஸ் ஆளுங்க."

பணிப்பாளர் கையை உயர்த்தினார். நடுநிலையான தீர்வு ஒன்றைச் சொன்னார். எல்லா இறுவட்டுகளையும் மாதிரியாக நிலையத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். அவற்றில் என்ன இருக்கிறது என்று வாசிக்கவேண்டும்.

"அதுல ஒண்ணும் இல்லீங்களே சேர்."

"அதைத்தான் உறுதிப்படுத்தவேண்டும்."

"தக்காளி பழுத்துக்கிட்டு வருதுங்க. அவுத்தா குருவி வந்துரும்."

"வாசித்தவுடன் திருப்பித் தருவோம்."

அவிழ்த்தார்கள். மைனஸை ஒரு பெட்டியில் போட்டார்கள். பிளஸை ஒரு பெட்டியில் போட்டார்கள். பிறகு மற்றத் துண்டுகளிலும் அவிழ்த்தார்கள். போகிற வழியில் தங்கராஜாவின் கடையில் மிஞ்சியிருந்த பெட்டிகளுக்கும் முத்திரை வைத்தார்கள். ஆய்வு முடியும்வரை சந்தையைக் குழப்பக்கூடாது என்று பணிப்பாளர் விளக்கினார்.

"நான் வித்தாத்தானே சேர் அது சந்தை?" என்றார் தங்கராஜா.

"நீங்கள் விற்றால் அது விற்பனை," என்றார் பணிப்பாளர்.

மறுநாள் விடிந்ததும் குருவிகள் வந்தன.

இராக்கம்மா பொலித்தீன் பைகளைக் கட்டினாள். குருவிகள் பையின்மேல் உட்கார்ந்து தின்றன. முருகையாவின் பழைய சட்டையைக் கம்பில் மாட்டினாள். ஒரு குருவி சட்டைப் பையில் இறங்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. அவளே நின்று விரட்டினால் போகும். ஆனால் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்கவேண்டும். பிறகு பின்னேரம் வரை மலையில் கொழுந்து. முருகையா விடிய முன்னமே சந்திக்குப் போய்விடுவான். பக்கத்துத் துண்டுக்காரர்களும் மலையில்தான்.

கணக்கப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார். "என்னா இராக்கம்மா, பாதி செடி மொட்டையா நிக்குது?"

"சீடிய ஆபீஸ்காரங்க கொண்டு போயிட்டாங்க ஐயா."

"எந்த ஆபீஸ்?"

"தெரியலைங்க. பதுளையாம்."

"தொர வாற கிழமை வாறாரு. சீடிக் கதையெல்லாம் அவருகிட்ட சொல்ல ஏலாது. பழத்தக் காட்டு."

அடுத்த நாள் அவள் பெரட்டுக்குப் போகவில்லை. பதுளை பஸ் ஏறினாள்.

நிலையத்தைக் கண்டுபிடிக்க முதலில் பல் வைத்தியரிடம் போனாள். அவர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்து, சீடி என்றாள். அவர் பக்கத்துக் கதவைக் காட்டினார்.

அன்று நிலையத்தில் வருடாந்த எதிர்நோக்கு மாநாடு. வாசலில் நின்ற பெண் இராக்கம்மாவின் நெற்றியில் சந்தனம் வைத்து முன்வரிசைக்கு அழைத்துப் போனாள். முன்னணிப் பயனர் என்று எழுதியிருந்த நாற்காலி காலியாக இருந்தது. யாரையாவது உட்கார வைக்கவேண்டியிருந்தது.

பணிப்பாளர் பேசினார்.

"தொடங்கிய நாளிலிருந்து இந்த நிலையம் ஒரு தடவைகூடப் பிழை விட்டதில்லை. காரணம், நாம் இன்னும் எதையும் சொல்லவில்லை. அவசரப்பட்டுச் சொன்னவர்கள் எல்லோரும் இன்று எங்கே? சந்தை இருக்கும் இடத்தில் எதிர்நோக்குவது எளிது. கடைக்காரனே செய்துவிடுவான். சந்தை இல்லாத இடத்தில் எதிர்நோக்குவதற்குத்தான் ஒரு நிலையம் வேண்டும். ஆகவே இறுவட்டு அழிய அழிய நமது தேவை கூடுகிறது."

கைதட்டினார்கள்.

நிரோஜா பேசினார். கடந்த ஆண்டு பிளஸ் இறுவட்டைப் பயன்படுத்திய எவரிடமிருந்தும் ஒரு முறைப்பாடும் வரவில்லை என்றார். பயன்படுத்தியவர் இல்லை என்பதைப் பின்னிணைப்பில் காணலாம் என்றார். முன்ஸிப் பேசினார். மைனஸ் இறுவட்டின் வீழ்ச்சி பிளஸின் வீழ்ச்சியைவிட ஒழுங்கானது, நம்பகமானது என்றார்.

பிறகு இராக்கம்மாவின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"என் சீடியக் குடுத்துருங்க சேர்," என்றாள். "குருவி திங்குது."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா?" என்றார் பணிப்பாளர். "இழப்பு வந்தபிறகுதான் நுகர்வோர் பேசுகிறார்."

"எப்ப சேர் தருவீங்க?"

"வாசித்தவுடன்."

"எப்ப வாசிப்பீங்க?"

"எந்த வகையை முதலில் வாசிப்பது என்று பிரிவுகள் இணங்கியவுடன். அதன்பிறகு வாசிக்கும் கருவி வாங்கவேண்டும்."

"கருவியே இல்லீங்களா?"

"கருவி வைத்திருந்தால் பக்கச்சார்பு என்பார்கள்."

இராக்கம்மா ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அதுவரைக்கும் என் துண்டு சும்மா கெடக்குமே சேர். யாரு காவல்?"

பணிப்பாளரின் முகம் மாறியது. அவர் அதை யோசித்திருக்கவில்லை. உயர்ந்துவரும் ஒரே சந்தை வெறுமையாகக் கிடக்கிறது. யாராவது வந்து அங்கே பென்டிரைவ் கட்டித் தொங்கவிட்டால்?

அந்த மேடையிலேயே உத்தரவு போட்டார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை களத்துக்கு உத்தியோகபூர்வக் காவல். முன்ஸிப் போகவேண்டும். முன்ஸிப் தனியாக இருந்தால் பிளஸுக்குப் பாதுகாப்பில்லை. ஆகவே நிரோஜாவும் போகவேண்டும்.

இராக்கம்மா வெறுங்கையோடு பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இருந்து ஹப்புத்தளை வரை அழுதாள்.

விடிந்ததும் ஜீப் இரண்டு பேரையும் இரண்டு நாற்காலிகளையும் இறக்கிவிட்டுப் போனது. நாற்காலியை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்பதில் தொடங்கியது. இராக்கம்மா பெரட்டுக்குப் போகும்போது இருவரும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் திரும்பி வந்தாள். செடியைப் பார்த்தாள். காலையில் இருந்த பழம் எல்லாம் இருந்தது. ஒன்றில்கூடக் கொத்து இல்லை.

"குருவி வரலியா?" என்றான் முருகையா.

"எங்க வருது. இவுங்க போடுற சத்தத்துல நம்ம கோழியே முட்டை போடலை."

இராக்கம்மாவும் முருகையாவும் முட்டைக்காகக் கவலைப்படவில்லை.

ஆனால் மனிதர்கள் களைப்படைவார்கள். ஞாயிற்றுக்கிழமை இராக்கம்மாவுக்கு மலை இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் சத்தம் அடங்கியது. ஒரு குருவி வேலியில் வந்து உட்கார்ந்தது. இராக்கம்மா ஈரக்கையோடு ஓடினாள்.

"மிஸ், அன்னைக்கு என்னமோ சொன்னீங்களே. மைனஸ் சீடி வெயிலுக்கு மங்கிப் போயிருமாமே?"

"யார் சொன்னது?" என்று முன்ஸிப் சோற்றுப் பார்சலைக் கீழே வைத்தார்.

குருவி போய்விட்டது.

அதன்பிறகு லயத்துக்கே அது பழகிவிட்டது. மலைக்குப் போகிறவர்கள் வேலியோரம் நின்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனார்கள். பிளஸ் மழை தாங்குமா சேர்? மைனஸ்தான் மொதல்ல வந்ததாமே மிஸ்? சத்தம் பக்கத்துத் துண்டுகள்வரை போனது. அங்கேயும் போஞ்சிக்காய் தப்பியது.

துரை வருகிற நாள் காலையில் இராக்கம்மா எழுந்து வந்தாள். துண்டில் சத்தம் இல்லை.

நாற்காலிகள் இரண்டும் ஒரே பக்கம் பார்த்து இருந்தன. முன்ஸிப் நிரோஜாவின் டப்பாவிலிருந்து ரொட்டி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பல் உறைப்புப் பத்தாது," என்றார்.

"நாளைக்குக் கூடப் போட்டுக் கொண்டுவாறன்," என்றார் நிரோஜா.

சவுக்கு மரத்தில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"மிஸ்," என்றாள் இராக்கம்மா. "பிளஸ் எப்புடி மிஸ், வெயிலுக்கு?"

"அதுவும் மங்கும்தான் அக்கா."

"மைனஸ் சேர்?"

"அதுவும் மங்கும்." முன்ஸிப் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்தார். "இத்தனை நாளா இங்க இருந்து பாத்ததுல, ரெண்டும் ஒண்ணுதான்போல இருக்கு."

"அப்படித்தான் எனக்கும் தோணுது," என்றார் நிரோஜா.

முதல் குருவி இறங்கியது. கீழே சாலையில் துரையின் வாகனம் திரும்பும் சத்தம் கேட்டது. இராக்கம்மா நாற்காலிகளுக்கு நடுவே போய் நின்றாள். வாயில் வந்ததைக் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுன்னா, ஆபீஸுல எதுக்குங்க ரெண்டு பிரிவு? ஒண்ணு போதுமே?"

முன்ஸிப் மெல்லுவதை நிறுத்தினார். நிரோஜா டப்பாவை மூடினார்.

"மூடுறதா இருந்தா கீழ்மாடியத்தான் மூடணும்," என்றார் முன்ஸிப். "அங்க தண்ணி கசியுது."

"கசியிறது மேல இருந்து. உங்கட பிரிவுல இருந்து."

"நான் பதினோரு பேரை வச்சு வேலை வாங்குறவன்."

"வேலையா? அதில நாலு பேருக்கு மைனஸ் எந்தப் பக்கம் எண்டே தெரியாது."

முன்ஸிப் நாற்காலியின்மேல் ஏறினார். நிரோஜாவும் ஏறினார். கைகள் காற்றில் வீசின. வெறும் டப்பா பறந்து வேலிக்கு அப்பால் விழுந்தது. குருவிகள் சவுக்கு மரத்தை விட்டே எழும்பிப் பக்கத்து மலைக்குப் போயின. இரண்டு காகங்களும் போயின.

துரை வந்து நின்றார். கணக்கப்பிள்ளை பின்னால் நின்றார். மிஞ்சிய செடிகள் கொள்ளாமல் பழம் தொங்கியது. துரை நாற்காலிமேல் நின்ற இருவரையும் சற்று நேரம் பார்த்தார்.

"இவர்கள் யார்?"

"குருவி வெரட்ட வந்தவங்க சேர்," என்றார் கணக்கப்பிள்ளை.

"நல்ல ஏற்பாடு," என்றார் துரை. துண்டு இராக்கம்மாவுக்கே என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று பின்னேரம் காவலை முடிக்கப் பணிப்பாளர் ஜீப்பில் வந்தார். அமைச்சுக்கு அறிக்கை போகவேண்டியிருந்தது. களத்தில் ஓர் இறுவட்டுகூட இல்லாதபோதும் இரு வகைகளுக்காகவும் மக்கள் இப்படி உயிரைக் கொடுத்து வாதாடுவதை அவர் நேரில் கண்டார். இதைவிட உறுதியான சந்தையை அவர் கற்பனை செய்ததுகூட இல்லை.

"அம்மா, கடைசியாக ஒரு கேள்வி. அடுத்த போகத்துக்கு உங்களுக்கு எது வேண்டும்? மைனஸா, பிளஸா?"

இராக்கம்மா ஜீப்பைப் பார்த்தாள். முன்ஸிப் ஒரு கதவுப் பக்கம் நின்றார். நிரோஜா மறு கதவுப் பக்கம் நின்றார். வண்டியின் கூரைக்கு மேலாக இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரையும் சேத்தே அனுப்புங்க சேர்," என்றாள். "ஒத்த ஆளு வந்தா வாயத் தொறக்க மாட்டாங்க."

பணிப்பாளர் எழுதிக்கொண்டார். இரு வடிவங்களும் இணைந்தே தொடரவேண்டும் என்பதே நுகர்வோரின் கோரிக்கை. அமைச்சு அதை ஏற்று நிலையத்துக்கு இன்னொரு மாடி கட்ட அனுமதித்தது பிறகு நடந்தது.

ஜீப் புறப்பட்டது. சத்தம் வளைவுவரை கேட்டது. பிறகு குறைந்தது. இராக்கம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். குருவிகள் திரும்பி வருவதற்குள் பழுத்ததை எல்லாம் பறித்தாகவேண்டும்.